விதானையார் நாற்காலி யாருக்குச் சொந்தம்?

சட்டத்திலே ஓர் எழுத்தாணை உண்டு. பொதுப் பதவியொன்றில் அமர்ந்திருப்பவரை நீதிமன்றுக்கு அழைத்து, “எந்த உரிமையால் நீர் இந்த நாற்காலியில் இருக்கின்றீர்?” என்று வினவுகின்ற ஆணை அது. ஆங்கில மன்னர் காலத்தில் தோன்றிக் கடல் கடந்து புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வந்து, இன்று இலங்கை அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையிலே மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அதிகாரங்களுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது. நாற்காலியில் அமர்ந்தவரை இவ்வாறு கேட்கச் சட்டம் இடந்தருகின்றது. ஆனால் அவரை அதில் அமர்த்தியவர்களைப் பார்த்து, “யாரைக் கேட்டு அமர்த்தினீர்கள்? எங்கள் ஊருக்கு இவர் தகுந்தவர் என்று எதனைக் கொண்டு கண்டீர்கள்?” என்று ஊர் மக்கள் கேட்பதற்கு என்ன வழி இருக்கின்றது? ஊர்த் தலைமைப் பதவி பற்றி எழுந்த பெருவழக்குகளைப் புரட்டிப் பார்த்தால், போட்டியாளரின் உரிமையும் அரசின் அதிகாரமும் அங்கே அலசப்பட்டிருக்கும். ஊரின் உரிமை மட்டும் வாசலிலேயே நின்றிருக்கும்.

“கிராம அலுவலர் நியமனமும் ஓர் அரசியற் பிரச்சினையா?” என்று கொழும்பிலே கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த நம்மவருள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் அவர்களும் தங்கள் பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்கும் நாளிலும், வாக்காளர் இடாப்பிலே பெயர் விடுபட்ட நாளிலும், வதிவுச் சான்றிதழ் கொண்டுவா என்று கேட்கப்பட்ட நாளிலும் அந்தச் சிறிய அறையின் வாயிலில் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். மந்திரி ஒருவரைக் கண்ணாற் காணாமலே இந்நாட்டில் ஒருவர் வாழ்ந்து முடித்துவிடலாம். விதானையாரின் கையொப்பமின்றித் தாம் இன்ன இடத்தில் இருக்கின்றோம் என்பதைக்கூட அவரால் நிறுவ முடியாது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் உழுதுண்டு வாழும் விவசாயிக்கு இதை எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை. காணி அனுமதிப்பத்திரத்திற்கும், வெள்ளம் அள்ளிச் சென்ற வயலுக்குரிய நிவாரணத்திற்கும், எல்லைத் தகராறுக்கும் முதலில் எழுதப்படுகின்ற அறிக்கை எவருடையது என்பதை அவர் நன்கறிவார். மேலே உள்ள அதிகாரிகளெல்லாம் அந்த முதல் அறிக்கையின்மீது கையொப்பமிடுகின்றவர்களே.

பழைய விதானையின் ஆட்சி

இப்பதவியின் வரலாற்றை நினைவிற் கொள்ளாமல் இன்றைய குறையை விளங்கிக்கொள்ள இயலாது. பிரித்தானியர் இந்நாட்டை ஆண்டபோது ஒவ்வோர் ஊருக்கும் வெள்ளையரை அனுப்பவில்லை, அனுப்பவும் முடியாது. வடக்கிலே மணியகாரன், உடையார், விதானை என்றும், தெற்கிலே ரட்டேமஹத்மயா, கோறளை, ஆராச்சி என்றும் படிப்படியாக அமைந்திருந்த பழைய தலைமைக்காரர்களையே தங்கள் கையாகவும் கண்ணாகவும் வைத்துக்கொண்டனர். கச்சேரியில் இருந்த ஏசண்டர் துரையின் விருப்பமே நியமனம். அவருடைய வெறுப்பே பதவிநீக்கம். வரி திரட்டுவதும், தெருவேலைக்கு ஆள் சேர்ப்பதும், குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பதும் அவர்களுடைய கடமைகள். பொலிஸ் நிலையம் எட்டாத ஊர்களிலே பொலிஸ் விதானையே சட்டம்.

அந்த ஆட்சி பொற்காலம் என்று எவரேனும் சொல்வார்களாயின், அவர்கள் அதன் கீழ் வாழ்ந்த ஏழைகளைக் கேட்டறியாதவர்கள். யாழ்ப்பாணத்திலே அப்பதவி பெரும்பாலும் சில குடும்பங்களையும், தம்மை உயர்ந்தோர் என்று சொல்லிக்கொண்ட ஒரு சாதியாரையும் விட்டு வெளியே செல்லவில்லை. ஊரிலே ஒதுக்கப்பட்ட மக்கள் நீதி கேட்டுச் செல்லவேண்டிய வாசல், அவர்களை ஒதுக்கியவரின் வாசலாகவே இருந்தது. வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் முறையிடும்? யாழ்ப்பாணக் கச்சேரியிலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றிய லெனார்ட் வூல்ஃப் என்னும் ஆங்கில அதிகாரி, 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது புதினத்திலே, ஊர்த் தலைவன் ஒருவன் கடன் கொடுப்பவனோடு கூடிக்கொண்டு ஓர் ஏழைக் குடும்பத்தைப் பொய் வழக்கிலே சிக்கவைத்து அழித்த கதையையே சொன்னார். தம் கச்சேரி நியமித்த மனிதர்கள் எத்தகையவர்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே 1930களின் இறுதியிலிருந்து பெருந்தலைமைக்காரர்கள் படிப்படியாக நீக்கப்பட்டு அவர்கள் இடத்திலே காரியாதிகாரிகள் வந்ததையும், 1963ஆம் ஆண்டிலே கிராமத் தலைமைக்காரர் பதவியும் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் என்னும் பதவி ஏற்பட்டதையும் நாம் குறை கூறவில்லை. பிறப்பை நோக்கிய நியமனம் போய், கல்வித் தகுதியை நோக்கிய நியமனம் வந்தது. எந்தச் சாதியில் பிறந்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், பரீட்சையில் தேறியவர் இன்று அந்த நாற்காலியில் அமரலாம், அமர்ந்தும் இருக்கின்றனர். இது நல்ல மாற்றம். நாம் இழக்கக்கூடாத மாற்றம்.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். விதானை போய்ச் சேவகர் வந்தார். சேவகரின் பெயர் பின்னர் நிலதாரி என்று மாறிற்று. கச்சேரிக்குப் பதிலாகப் பிரதேச செயலகம் வந்தது. பெயர்ப்பலகை மாறிற்று, நாற்காலி மாறிற்று, அமர்பவரும் மாறினார். “அமர்த்துவது என் விருப்பம், ஊருக்கு அதிலே பேச்சில்லை” என்ற ஏசண்டர் துரையின் கோட்பாடு மட்டும் அப்படியே இருக்கின்றது!

கடல் கடந்த ஒரு வழக்கு

தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய சென்னை மாகாணத்தில், கிராம முன்சீப் என்றும் கர்ணம் என்றும் இருந்த ஊர்ப் பதவிகள் 1895ஆம் ஆண்டின் சட்டமொன்றினாலே பரம்பரைச் சொத்தாக்கப்பட்டிருந்தன. தகப்பன் இறந்தால் மகன். மகன் இல்லையேல் நெருங்கிய உறவினன். குண்டூர் மாவட்டத்திலே பெரவலி என்னும் ஊர் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, புதிய ஊருக்கு முன்சீப் ஒருவர் வேண்டியிருந்தது. வருவாய்த்துறை அதிகாரி ஒருவரை நியமித்தார். போட்டியிட்ட மற்றொருவர் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டார். ஆட்சியர் முதல் நியமனத்தை நீக்கி, பழைய முன்சீப் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக அந்த மற்றவருக்கே பதவியைக் கொடுத்தார். பதவி இழந்த காசுல தசரத ராமராவ் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றார்.

1960 டிசம்பரிலே அந்நீதிமன்றம் கூறிய தீர்ப்பு நாம் எல்லோரும் மனத்திற் பதிக்கவேண்டிய ஒன்று. ஊர்ப் பதவி அரசாங்கத்தின் கீழுள்ள பதவியே. குடும்பத்தின் ஆதனம் அன்று. வம்சாவளியை மாத்திரம் காரணமாகக் கொண்டு ஒரு பிரசையை அப்பதவிக்குத் தகுதியற்றவன் என்று தள்ளுவது அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரைக்கு முரணானது என்று கூறி, அச்சட்டத்தின் உரிய பிரிவை அது செல்லாதென்று தள்ளிற்று. ஒரு சிற்றூரின் முன்சீப் நாற்காலிக்காக எழுந்த வழக்கு, பல தலைமுறை உரிமை பேசியவர்களின் கோட்டையைத் தகர்த்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1980 நவம்பரிலே எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழ்நாடு அரசாங்கம் அவசரச் சட்டத்தின் மூலம் பழைய ஊர்ப் பதவிகள் அனைத்தையும் ஒரே நாளில் ஒழித்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் பதவி இழந்தனர். அவர்களுடைய வழக்கும் டில்லி வரை சென்றது. பதவியை ஒழிப்பது அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று 1982ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் தேர்வாணையத்தின் பரீட்சை மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர்.

இவ்விரு வழக்குகளையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். முதல் வழக்கிலே பதவிக்குப் போட்டியிட்ட இருவர் வாதாடினர். இரண்டாவதிலே பதவி இழந்தவரும் அரசாங்கமும் வாதாடினர். பெரவலி மக்களை எவரும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கவில்லை. சமத்துவம் வென்றது, மகிழ்ச்சி. ஆனால் ஊர் எவருடைய வழக்கிலும் கட்சிக்காரர் அன்று!

கோடீஸ்வரன் வழக்கு தந்த பாடம்

நமது நாட்டுக்கு வருவோம். இங்கே அரச ஊழியர் ஒருவர் நீதி கேட்டு எவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது என்பதற்குக் கோடீஸ்வரன் வழக்கே சான்று. எழுதுவினைஞர் சேவையிலிருந்த தமிழர் அவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை என்பதற்காக அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலே வழக்குத் தொடர்ந்தார். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964ஆம் ஆண்டில் மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். 1967ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. மொழிச் சட்டம் செல்லும் என்றதனாலா? இல்லை. அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்கிட முடியாது என்ற ஒரே காரணத்தினால்! 1969 டிசம்பரிலே இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பையும் நீக்கி, ஊழியர் வழக்கிடலாம் என்று கூறியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை முடிவு செய்யுமாறு உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிற்று.

அந்த வினாவுக்கு விடை என்ன? விடை வரவேயில்லை. 1971இலே கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972இலே புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது. வழக்காளி வென்றார், வழக்கின் உயிர்வினா அநாதையாயிற்று.

அதே 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு, அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம் ஆகியவற்றை அமைச்சரவையின் கையிலே கொடுத்து, அவற்றை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாது என்று கதவையும் பூட்டிற்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அடிப்படை உரிமை என்ற சிறு சாளரத்தை மட்டும் திறந்துவைத்துவிட்டு, பூட்டைக் கழற்றாமலே விட்டது. பின்னர் 2001இலே பதினேழாம் திருத்தம் பகிரங்க சேவை ஆணைக்குழுவுக்கு உயிர் கொடுத்தது. 2010இலே பதினெட்டாம் திருத்தம் அதன் மூச்சை நெரித்தது. 2015இலே பத்தொன்பதாவது மீண்டும் எழுப்பிற்று. 2020இலே இருபதாவது மீண்டும் சாய்த்தது. 2022இலே இருபத்தோராவது மறுபடியும் நிமிர்த்தியது. இருபத்தொரு ஆண்டுகளில் ஐந்து முறை! ஆளுங் கட்சியின் தேவைக்கேற்ப ஏறியும் இறங்கியும் ஆடுகின்ற ஊஞ்சலாக நியமன அதிகாரம் ஆக்கப்பட்டிருக்கும்போது, அந்த ஊஞ்சலின் கயிற்று நுனியிலே தொங்குகின்ற சிற்றூரின் அலுவலர் எவருக்கு அஞ்சுவார்? ஊருக்கா, கொழும்புக்கா?

வயலுக்குத் தெரிந்தது செயலகத்துக்குத் தெரியாதா?

“ஊரைக் கேட்டு நியமிப்பது நடக்கக்கூடிய காரியமா?” என்பார்கள் சிலர். இந்நாட்டிலேயே அது நடந்திருக்கின்றது. மட்டக்களப்பு விவசாயியைக் கேளுங்கள். வட்டை விதானையார் யார்? வாய்க்காலின் நீரைப் பங்கிடவும், வேலி அடைப்பிக்கவும், விதைப்பு நாளை நடைமுறைப்படுத்தவும் வயற்காரர்களின் கூட்டத்திலே, வயற்காரர்களின் சம்மதத்தோடு பொறுப்பேற்றவர் அவர். படிப்பறிவில்லாதவர் என்று நகரத்தார் எண்ணுகின்ற அந்த மக்கள், தங்கள் தண்ணீரை யாரிடம் ஒப்படைப்பது என்பதை ஒரு கூட்டத்திலே கூடித் தீர்மானித்தனர்.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இவ்விதானைமாரின் இடத்திலே பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தபோதும், அக்குழுக்களைப் பயிர்செய்வோரே தெரிவு செய்தனர். ஆனால் 1970களின் தொடக்கத்தில் வந்த சட்டங்களின் கீழ் நிலைமை என்ன? தெரிவு போய் நியமனம் வந்தது. அமைச்சரின் விருப்பத்துக்குரியவர்கள் குழுக்களில் அமர்ந்தனர். 1979இலே அக்குழுக்களும் போய் உத்தியோகத்தர்கள் வந்தனர். விவசாயி தேர்ந்தெடுத்ததை ஆட்சியாளர் நியமிப்பதாக மாற்றியதே இந்த வரலாறு. விவசாயிக்கு அறிவு போதாமலா அதிகாரம் பறிபோயிற்று? பறித்தவர்களுக்கு அந்த அதிகாரம் தேவைப்பட்டது. அதுவே காரணம்.

பதின்மூன்றாம் திருத்தம் 1987இலே வந்தபோது, அதிகாரம் நம் மாகாணத்துக்கு வருகின்றது என்று கூறப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம், அரசாங்க அதிபரிடம் இருந்த அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றிற்று. பிரதேச செயலாளர் எவருடைய ஆள்? மத்திய அரசாங்கத்தின் ஆள். அவர் கீழே கிராம அலுவலர். நாடெங்கும் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள். ஒவ்வொன்றின் நூலும் கொழும்பு அமைச்சிலே முடிச்சிடப்பட்டுள்ளது. சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பது பழமொழி. இங்கே சாமியே ஒரு கையால் வரங்கொடுத்து, மறு கையால் பூசாரியை வாசலில் நிறுத்திவைத்தது!

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

இது வடகிழக்கின் பிரச்சினை மாத்திரம் என்று கொழும்புத் தமிழர் இருந்துவிட வேண்டாம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும், கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய இரு பிரதேச செயலகப் பிரிவுகளும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி தமிழிலே எழுதி, தமிழிலே பதில் பெற நமக்கு உரிமை உண்டு. தாளிலே உரிமை, நாற்காலியிலே என்ன? தமிழிலே ஒரு வரி வாசிக்கத் தெரியாத அலுவலர் முன் தமிழ் மூதாட்டி ஒருவர் நின்று, தம் பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டவும் மொழி தெரியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் காட்சி எத்தனை முறை நடக்கின்றது! அந்தப் பிழையான ஓரெழுத்துப் பின்னர் கடவுச்சீட்டிலும், உறுதியிலும், மரணச் சான்றிதழிலும் தொடர்ந்து சென்று, ஈற்றிலே வழக்கறிஞரின் மேசைக்கு வந்து சேர்கின்றது. அதனைத் திருத்த ஆகும் செலவு, மொழி தெரிந்த ஒருவரை அந்நாற்காலியில் முதலிலேயே அமர்த்தியிருந்தால் ஏற்பட்டிருக்குமா?

செலவு மாத்திரமா? 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையை மறந்துவிட்டீர்களா? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள், கொழும்பிலே தங்கியிருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. நீதிமன்றம் காத்தது உண்மை. ஆனால் சொந்த நாட்டின் தலைநகரிலே “நீ ஏன் இங்கே இருக்கின்றாய்?” என்று ஒருவரைக் கேட்க முடிந்தது எதனால்? இன்ன தெருவில், இன்ன இலக்க வீட்டில், இன்னார் வசிக்கின்றார் என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரமும் எழுத மறுக்கும் அதிகாரமும் மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையில்லாத கைகளில் இருக்குமிடத்து, ஒரு மனிதனின் இருப்பே மற்றவனின் தயவாகிவிடுகின்றது. இப்பதவியின் பெறுமதி அது. இதனைச் சிறிய பதவி என்பவர் சிந்தியாதவர்.

மூன்று ஆட்சேபங்கள்

ஆட்சேபங்களை நாமே எடுத்துக் கூறுவோம்.

ஊரைக் கேட்டால் சாதியும் கட்சியும் உள்ளே நுழையும் என்பது முதலாவது. நியாயமான அச்சம். அதனாலேயே கிராம அலுவலரைத் தேர்தலில் வாக்களித்துத் தெரிவு செய்யவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பழைய விதானை வீட்டின் முற்றத்துக்கு இந்நாற்காலி மீண்டும் தூக்கிச் செல்லப்படுவதை நாம் ஒருபோதும் சம்மதியோம். பரீட்சை இருக்கட்டும், தகுதி வரிசை இருக்கட்டும். தகுதி பெற்றவர்களுள் இன்னாரை இன்ன ஊருக்கு அனுப்பும்போது, அந்த ஊருக்கு அறிவித்து, காரணங் காட்டிய ஆட்சேபத்தைக் கேட்டு முடிவு செய்க என்பதே நமது கோரிக்கை. சாதியைக் காரணமாகக் காட்டும் ஆட்சேபம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் முன் ஒரு கணமும் நில்லாது. குப்பைக் கூடையே அதன் இடம். மொழியறியாமையையும், முந்திய ஊரில் நிறுவப்பட்ட ஊழலையும் காட்டும் ஆட்சேபம் நிற்கும். நிற்கத்தான் வேண்டும்.

மொழி தெரியாதவர் பதவியேற்றபின் கற்றுக்கொள்வார் என்பது இரண்டாவது. நோயாளியின்மேல் கத்தி வைத்தபின் வைத்தியம் கற்கலாம் என்று எவரேனும் சொல்வதுண்டா? அவர் கற்றுத் தேறும் வரை அந்த ஊர் காத்திருக்கவேண்டுமா? கற்கும் ஆண்டுகளில் அவர் எழுதும் ஒவ்வோர் அறிக்கையும் ஒரு குடும்பத்தின் தலைவிதியன்றோ?

எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது, இனி விதானை எதற்கு என்பது மூன்றாவது. கணினிக்குள்ளே தரவை இடுபவர் யார்? இன்னார் இங்கே வசிக்கின்றார் என்பதை முதலில் உறுதிப்படுத்துபவர் யார்? கணினி பிழையை வேகமாகப் பரப்பும், பிழையைத் திருத்தாது.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, வடக்கு கிழக்கிலும், இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களிலும், அங்குள்ள மக்களின் மொழியை எழுதவும் வாசிக்கவும் தெரிந்திருத்தல் நியமனத்துக்கு முன்னரே நிறைவு செய்யப்பட வேண்டிய தகைமையாக இருக்கவேண்டும். தெற்கிலே சிங்களக் கிராமமொன்றுக்குத் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரை அனுப்பினால் அந்த மக்கள் பொறுப்பார்களா? பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது. அந்த நியாயத்தைத்தான் நாமும் கேட்கின்றோம்.

இரண்டாவது, நியமனமோ இடமாற்றமோ செய்யுமுன், அறிவித்தல் அந்தந்தப் பிரிவிலே இரு மொழியிலும் ஒட்டப்பட்டு, எழுத்து மூலம் ஆட்சேபிக்கப் பதினான்கு நாள் அவகாசம் தரப்படவேண்டும். ஆட்சேபம் தள்ளப்பட்டால் காரணம் எழுதப்படவேண்டும். காரணம் எழுதப்பட்டால்தான் நீதிமன்றம் அதனைச் சோதிக்க முடியும். காரணமில்லாத கட்டளை முகமூடி அணிந்த கட்டளை.

மூன்றாவது, ஓர் அலுவலரே இரண்டு மூன்று பிரிவுகளைப் பதில் கடமையாகப் பார்க்கும் வழக்கத்துக்குக் கால எல்லை விதிக்கப்படவேண்டும். வெற்று நாற்காலியும் ஒருவகை அநீதியே. வாரத்தில் ஒரு நாள் மாத்திரம் வரும் அலுவலரைக் காண, கூலி வேலையை இழந்து வருகின்றவனுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெறுமதி என்பதை அமைச்சு கணக்கிட்டதுண்டா?

நான்காவது, 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தை மீளாய்வு செய்து, ஊர் நிர்வாகத்தை அதற்குரிய மாகாணத்துக்குப் பொறுப்புடையதாக்க வேண்டும். இதனைச் சட்டத்தின் மூலமே செய்யமுடியும். ஆகவே இதனை அரசியல்வாதிகளிடம் கேட்க வேண்டும். நம் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்போர், மேடையிலே சுயாட்சி பேசுமுன், ஒரு விதானையார் நியமனத்திலே தங்கள் சிபாரிசுக் கடிதத்தை நுழைப்பதை நிறுத்தவேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கின்றோம். கொழும்பு அமைச்சரின் சிபாரிசு அநீதி என்றால், நமது உறுப்பினரின் சிபாரிசும் அநீதியே. தமிழிலே எழுதப்பட்டதனால் அது நீதியாகிவிடாது!

இவை வருமட்டும் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. இன்றே நம் கையில் உள்ள கருவிகளைப் பயன்படுத்துவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரிவின் வெற்றிடம் எப்போது ஏற்பட்டது, நியமனம் எந்த அடிப்படையில் நடந்தது, அலுவலரின் மொழித் தகைமை என்ன என்று எழுதிக் கேளுங்கள். தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். மொழியுரிமை மீறப்பட்டால் 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்லவேண்டும். அந்த ஒரு மாதம் கடந்தபின் நம் வழக்கறிஞர் அறைகளுக்கு வந்து கண்ணீர் வடித்தோர் பலர். முப்பது நாள் என்பதை வீட்டுச் சுவரிலே எழுதி வையுங்கள்.

படித்தவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. சட்டமறிந்தவர், கணக்கறிந்தவர், மொழியறிந்தவர் எல்லோரும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கின்றீர்கள். ஒரு விண்ணப்பம் எழுத உங்களுக்கு அரைமணி நேரம் போதும். அந்த விண்ணப்பத்தை எழுத ஆளின்றி முல்லைத்தீவிலோ மூதூரிலோ ஒரு விவசாயி ஆண்டுக்கணக்காக அலைந்துகொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம். ஊர்ச் சங்கத்தின் மண்டபம். ஒரு மேசை, சில தாள்கள். இவ்வளவே வேண்டும்.

விவசாயிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாய்க்காலின் தண்ணீரை யார் திறப்பது என்பதைக் கூடித் தீர்மானித்தவர்கள் நீங்கள். உங்கள் பெயரை யார் எழுதுவது என்பதில் மட்டும் ஏன் மௌனமாக இருக்கின்றீர்கள்? அடுத்த முறை உங்கள் பிரிவின் நாற்காலி வெறுமையாகும்போது, எவர் வரப்போகின்றார் என்று ஊகம் பேசிக்கொண்டு தேநீர்க் கடையிலே இருக்கவேண்டாம். கூடுங்கள். எத்தகையவர் வேண்டும் என்பதை எழுதுங்கள். பத்துப் பேரல்ல, ஊரே கையொப்பமிட்டுப் பிரதேச செயலாளரின் கையிலே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியும் வாங்குங்கள். அந்த அத்தாட்சித் துண்டே ஒருநாள் நீதிமன்றத்திலே முதற் சான்றாக நிற்கும். ஊரும் ஒரு கட்சிக்காரர் என்று நீதியரசர்கள் முன் எழுந்து சொல்வதற்கு, ஊர் முதலில் எழுந்து நின்றிருக்க வேண்டும்.